மொட்டைக் கரை

கரையை மொட்டையடித்தது வலேரிதான். அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து பார்த்தபோது, இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் தான் செய்த உருப்படியான வேலை இதுதான் என்றுகூட நினைத்தாள். கரை பளிச்சென்று இருந்தது. ஒரு புல் இல்லை, ஒரு கொடி இல்லை. சாணம் மெழுகிய தரை மாதிரி செம்பழுப்பாக, ஆற்றோரம் நெடுக நீண்டு கிடந்தது.

பண்டமாரானைத் தாண்டி, சிற்றாறு ஒன்று கடலைப் பார்த்துத் திரும்பும் தாழ்வான நிலத்தில் ஏழு குடும்பங்கள் காய்கறி போட்டுப் பிழைத்தன. சாவிக் கீரை, கங்கோங் கீரை, வெண்டை, பயிற்றங்காய் என்று விளைவதெல்லாம் விடியுமுன் கிள்ளான் பாசாருக்குப் போய்விடும். ஆற்றுக்கும் பாத்திகளுக்கும் நடுவில் ஆளுயர மண்கரை ஒன்றுதான் காவல். கடல் ஏறும் நாட்களில் ஆற்றுத் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி வரும். அன்றைக்கு மழையும் சேர்ந்துகொண்டால், கரை நின்றால் சோறு, இல்லாவிட்டால் சேறு.

இருபத்தொன்றாம் வருஷத்து டிசம்பர் வெள்ளத்தில் கரை நிற்கவில்லை. வலேரியின் வீட்டில் குளிர்பெட்டி படகு மாதிரி மிதந்து போய் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. கல்யாணப் புடவையைச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்த அன்று அவள் புருஷனிடம் உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

"என்னால இனிமே முடியாதுங்க. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல என் தங்கச்சி உர்சுலா வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. நான் வேலை செய்யற கிளினிக்குக்கு நடந்தே போயிரலாம். இங்க இருந்து தினம் கொமுட்டர் ரயில்ல போய் வந்து, வீட்டுக்கு வந்தா சேறு அள்ளறதுக்கு நான் என்ன மாடா?"

திமோத்தி அதிகம் பேசுகிற ஆள் இல்லை. துறைமுகத்தில் பளு வண்டி ஓட்டி, அந்த வேலையை விட்டுவிட்டு மண்ணுக்கு வந்தவர். "ஒரே ஒரு வாய்ப்பு குடு," என்றார். "கரையை ஒழுங்கா கட்டறோம். அதுக்கப்புறமும் தாங்காம தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா, ஒரு வார்த்தை பேசாம உன்கூட வந்துர்றேன்."

திமோத்தியும் மற்றப் பாத்திக்காரர்களும் கரையை உயர்த்திக் கட்டினார்கள். அதன் அடியில் வரிசையாக வெட்டிவேர் நட்டார்கள். மேலே புல்லைப் படரவிட்டார்கள். ஆனால் வீட்டுக்குள் கரையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே அது சண்டையில் போய் முடிந்தது. அதனால் நாளடைவில் இருவரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள், ரயில் தாமதத்தைப் பற்றிப் பேசினார்கள், மீன் விலையைப் பற்றிப் பேசினார்கள். பின்கட்டுக் கதவுக்கு அப்பால் இருப்பதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அந்த மௌனத்தில்தான் வினை முளைத்தது.

நவம்பர் கடைசியில், கோயில் வட்டாரத்து வீட்டு ஜெபம் வலேரியின் வீட்டில் என்று முறை வந்தது. பாதர் வருவார், இருபது முப்பது பேர் வருவார்கள். அந்தச் சமயம் பார்த்துத் திமோத்தி, கண் அறுவைச் சிகிச்சைக்குப் போன அக்காவைப் பார்க்கத் தெலுக் இந்தானுக்குப் போயிருந்தார். பின்வாசலில் நின்று பார்த்தபோது வலேரிக்குக் கரை அவமானமாகத் தெரிந்தது. முழங்கால் வரை புல், நடுநடுவே பேர் தெரியாத கொடிகள், ஆட்டுத்தாடி மாதிரி தொங்கும் பச்சை. பாவம், மனுஷனுக்குப் பாத்தி வேலைக்கே நேரம் போதவில்லை, இதை எங்கே பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

வலேரி ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அவள் அப்பா களை வெட்டும் ஆட்களுக்குக் கங்காணி. லயத்து வீட்டு வாசலில் ஒரு புல் தலைகாட்டினால் குடும்பத்துக்கே கௌரவம் போயிற்று. பெரிய தொரை வந்தாலும் சரி, பாதர் வந்தாலும் சரி, பெண் பார்க்க வந்தாலும் சரி, முதல் வேலை மண்வெட்டி எடுத்து வாசலைச் செதுக்குவதுதான். செதுக்கிய மண்ணில் விளக்குமாற்றுக் கோடு விழுந்தால்தான் அது வீடு. வலேரிக்கு இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. பசிக்கிற மாதிரி, தூக்கம் வருகிற மாதிரி, தானாக வந்தது.

கோயிலிலிருந்து இரண்டு பெண்கள் உதவிக்கு வந்தார்கள். அவர்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தான். மூன்று மண்வெட்டி, ஒரே பகல். வெட்டிவேர் காசு கொடுத்து வாங்கியது என்று வலேரிக்குத் தெரியும். அதனால் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிச் செதுக்கினார்கள். மற்றதெல்லாம் களை. களையைக் குவித்து, காய்ந்ததும் கொளுத்தலாம் என்று ஓரமாகத் தள்ளினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நல்லபடியாக நடந்தது. "பின்னால இவ்ளோ சுத்தமா இருக்கே!" என்று பாதரே சொன்னார். பக்கத்துப் பாத்திக்காரி ரமணி மட்டும் பின்வாசலில் நின்றபடியே கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலேரி, அண்ணன் செய்யச் சொன்னாரா இதை?"

"இல்லக்கா, அவருக்கு சர்ப்ரைஸ்."

"சர்ப்ரைஸ்தான்," என்றாள் ரமணி. கையில் வாங்கிய மீகூன் தட்டை அப்படியே தின்பண்ட மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். என்ன கோபமோ என்று வலேரி நினைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் திமோத்தி வந்தார். தோள்பையைக்கூட இறக்காமல் பின்பக்கம் போனார். வலேரி தேநீர்க் கோப்பையோடு பின்னாலேயே போனாள். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எப்படி இருக்கு?"

அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். முதல்நாள் ராத்திரி பெய்த தூறலில் அது கூழாகி விரலிடுக்கில் வழிந்தது.

"யாரு செஞ்சது?"

"நான்தான். இன்னும் ரெண்டு பேரு கூட வந்தாங்க. உங்க வெட்டிவேரு ஒண்ணைக்கூடத் தொடல."

அவர் கத்தியிருந்தால் தேவலை. இரண்டு அடி நடந்தார், திரும்பி வந்தார், அவள் கையிலிருந்த கோப்பையையே பார்த்தார்.

"வேணும்னே செஞ்சியா, வலேரி?"

அவளுக்குக் கேள்வி முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காதிலிருந்து கழுத்துவரை சுட்டது.

"என்னாங்க கேக்கறீங்க?"

"போகணும்னு இருந்தா நேரா சொல்லியிருக்கலாம். நான் வந்திருப்பேன்."

அவள் திரும்பி நடந்தாள். உள்ளே போய், ஜெபத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்ட தட்டுகளை எல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி கழுவினாள். புல்லைச் செதுக்கியதில் அப்படி என்ன குடி முழுகிப்போயிற்று என்று அவளுக்கு அப்போதும் தெரியாது. அவர் கேட்டது மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் கிளினிக்கில் மருந்துச் சீட்டு அடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் எச்சரிக்கை வந்தது. புதன்கிழமை கடல் வழக்கத்தைவிட உயரமாக ஏறும், கனமழையும் வரலாம். பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவில் மாலைக்கடைப் பூவாசம் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே வந்தது. இங்கே யாரும் ஆற்றைப் பார்த்து வாழவில்லை. அவள் இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ரயிலேறினாள்.

கரையில் ஏழு குடும்பமும் இருந்தது. ஆண்கள் மணல் மூட்டை சுமந்தார்கள். பெண்கள் அவள் கொளுத்தக் குவித்து வைத்திருந்த புல்லைப் பிரித்து, வேரோடு மண் ஒட்டியிருந்த துண்டுகளைப் பொறுக்கி, மறுபடி கரையில் வைத்து மூங்கில் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் வாடிப்போயிருந்தது. வலேரி வேலைக்குப் போன உடுப்போடு மண்டியிட்டாள். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திமோத்தி தூரத்தில் மணல் மூட்டைக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவளிடம் பேசியது வாசு மட்டும்தான். வாசு கடைசிப் பாத்திக்காரன். வாய் சும்மா இருந்தால் அவனுக்குத் தலைவலி வரும்.

"என்னாக்கா, நம்ம கரைக்குத் திருப்பதி மொட்டையா? முடியை யாருக்கு வேண்டிக்கிட்டு இறக்குனீங்க?"

"வாயை மூடு வாசு. எனக்குத் தெரியாது. புல்லு மேலதானே இருக்கு, கரை உள்ளதானே இருக்குன்னு நினைச்சேன்."

"உள்ள என்னா இருக்கு? வெறும் மண்ணுக்கா. புல்லுதான் கரை. வேரு உள்ள போய் வலை மாதிரி பின்னிக்கிட்டு பிடிச்சிருந்துச்சு. மழை நேரா மண்ணுல விழாம புல்லு மேல விழுந்துச்சு." அவன் குச்சியை அடித்து இறக்கிவிட்டு மூச்சு வாங்கினான். "அந்தக் காலத்துல நம்ம ஆளுங்களை விட்டு ரப்பர்க் காட்டுல ஒரு புல்லு இல்லாம செதுக்க வெச்சான் தொரை. அதுதான் சுத்தம்னான். மழை வந்துச்சு, மலையே கரைஞ்சு ஆத்துக்கு வந்துருச்சு. ஆறு மேடாகி ஊரெல்லாம் வெள்ளம். அப்புறம் அவனுக்கே பயம் வந்து, கொடியை நடு, சரிவுல குழி வெட்டு, மண்ணைப் பிடின்னு சட்டம் போட்டான். தொரை மாறிட்டான்லா. நம்ம கையிதான் மாறல."

"எங்கப்பா கங்காணி," என்றாள் வலேரி.

"எங்கப்பா மட்டும் என்ன கவர்னரா? நாம நிக்கறோமே, இந்த மண்ணு எல்லாமே நம்ம தாத்தாங்க மலையில செதுக்கி விட்டதுதான். இங்க வந்து படுத்திருக்கு. இதையும் செதுக்கிவிட்டா அப்புறம் கடல்தான்."

வலேரி சிரிக்கவில்லை. வாடிய புல்லை எடுத்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். தோட்டத்தில் அவள் வீட்டுப் பின்சரிவு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் மரவேர்கள் எலும்பு மாதிரி வெளியே தெரிந்துகொண்டே வந்தன. மழைதான் பொல்லாதது என்று வீட்டில் எல்லாரும் மழையைத் திட்டினார்கள். மறுநாள் காலையில் எழுந்து மறுபடி செதுக்கினார்கள்.

செவ்வாயும் அப்படியே போனது. கேன்வாஸ் துணிகளை இழுத்துக் கட்டினார்கள். இடுப்பு விட்டுப்போனது. இரவில் கட்டிலில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படுத்தார்கள்.

"ஏங்க," என்றாள் அவள் இருட்டில். "நான் வேணும்னு செய்யல."

"தூங்கு. காலையில வேலை இருக்கு," என்றார் அவர்.

புதன்கிழமை மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கு ஆறு ஓடுவதை நிறுத்தியது. ஐந்து மணிக்குப் பின்னோக்கி வந்தது. ஏழு குடும்பமும் குடையும் மழைக்கோட்டுமாக நின்று, தண்ணீர் ஏற ஏற மூட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தது. வெட்டிவேர் நின்ற அடிப்பாகம் அசையவில்லை. கேன்வாஸ் மூடிய இடங்களும் தாங்கின. ரமணியின் பாத்திக்கு நேராக ஓர் இடத்தில் துணிக்கு அடியில் தண்ணீர் புகுந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. கொடியில் போட்ட ஈரத்துணி நழுவி விழுகிற மாதிரி, கரை சும்மா நழுவி உட்கார்ந்தது. "போச்சு!" என்று யாரோ கத்தினார்கள். அதற்குள் ரமணியின் கங்கோங் பாத்தி தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் வலேரியின் வீட்டுக்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வடிந்தது. வடிந்த பிறகு வருகிற அந்த வாடை, அழுகிய கீரையும் டீசலும் கலந்தது, வலேரிக்குத் தொண்டையில் போய் உட்கார்ந்தது. முதல் வேலையாக ரமணியின் வீட்டுக்குப் போனாள். ரமணி வாசலில் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்னாலதான்."

"தெரியும். என் பாத்தியிலதானே விழுந்துச்சு."

"என்னா சொல்றதுன்னு தெரியல."

"ஒண்ணும் சொல்ல வேணாம். அந்த முனையைப் பிடி, இந்த மேசையைத் தூக்கணும்." தூக்கி வைத்த பிறகு ரமணி மூச்சுவிட்டாள். "அன்னைக்கு நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். ஊரு ஆளுங்க எல்லாம் இருந்தாங்க, உனக்கு அசிங்கமாயிரும்னு போயிட்டேன். எனக்கும் புத்தி இல்ல. மூட்டை போடறதை ஒரு நாள் முன்னாலயே ஆரம்பிச்சிருக்கலாம்."

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் பிக்கப் வண்டி நின்றது. திமோத்தி பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பெட்டி ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தது.

"என்னா பண்றீங்க?"

"சொன்னது சொன்னதுதான். தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சு. உர்சுலாவுக்குப் போன் போட்டுட்டேன். சாயங்காலம் வர்றோம்னு சொன்னேன்."

வலேரி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். இத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை. பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்றாவது மாடி. எந்தக் கடலும் அங்கே ஏறி வராது. காலையில் எட்டு மணிக்கு எழுந்தால் போதும். ஜன்னலைத் திறந்தால் இட்லிக் கடை. அவள் உடம்பு முழுக்க, எலும்பு எலும்பாக, அந்த அறைக்கு ஏங்கியது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

ஆனால் அந்த அறையில் இவர் சாப்பிட உட்காருவார். இவள் சோறு போடுவாள். இவர் ஒன்றும் கேட்க மாட்டார், அதுதான் பயம். கேட்காமலே கேட்டுக்கொண்டிருப்பார், இன்னும் இருக்கிற வருஷமெல்லாம், ஒவ்வொரு கவளத்துக்கும்.

"இறக்குங்க," என்றாள்.

"என்னா?"

"பெட்டியை இறக்குங்க. இந்த வெள்ளம் கணக்குல சேர்த்தி இல்ல."

திமோத்தி நிமிர்ந்தார். "உனக்குத்தானே போகணும்?"

"எனக்குத்தான். இன்னிக்கும் போகணும். இந்த வாடை என் மூக்குல இருக்கறவரைக்கும் போகணும். ஆனா கரை தோத்துப்போய் நான் ஜெயிச்சாப் போவேன். நானே கையால குழி பறிச்சிட்டு ஜெயிச்சேன்னு போக மாட்டேன்."

"வலேரி, எனக்கும் முடியல." அவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு களைப்பாக அவரை அவள் பார்த்ததில்லை. "உண்மையைச் சொல்லட்டா? தண்ணி உள்ள வந்தப்ப, அப்பாடா, முடிஞ்சுச்சுன்னு ஒரு நிமிஷம் இருந்துச்சு. உனக்கு மட்டும்தான் அலுப்புன்னு நினைச்சியா?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். வெளியே வாசு யாரையோ திட்டிக்கொண்டு போனான்.

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள்.

"சொன்னா நாளைக்கே மூட்டை கட்டிருவே."

"நீங்க புல்லைப் பத்திச் சொல்லியிருந்தா நான் மண்வெட்டியே எடுத்திருக்க மாட்டேன்."

"புல்லுன்னு ஆரம்பிச்சா பிரிக்ஃபீல்ட்ஸ்ல போய் நிப்பே."

"நிப்பேன்தான்," என்றாள் அவள். அவளுக்கே சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, ஆனால் வரவில்லை. "நான் வேணும்னு செஞ்சேன்னு இன்னும் நினைக்கறீங்களா?"

திமோத்தி பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கையிலிருந்த செய்தித்தாளைக் கசக்கி, விரித்து, மறுபடி கசக்கினார்.

"ஞாயித்துக்கிழமை நினைச்சேன். இப்ப நினைக்கல. ஆனா கேட்டுட்டேனே, அதை என்ன பண்றதுன்னு தெரியல. அதான் பேச முடியல."

"நல்லா கேட்டீங்க. என் ஜென்மத்துக்கும் போதும்." அவள் முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். கை முழுக்கச் சேறு. "இன்னும் ஒரு மழைக்காலம் பார்ப்போம். புல்லு வேரு பிடிக்க எவ்ளோ நாளாகும்?"

"நல்லா பிடிக்க அடுத்த வருஷம் ஆயிரும்."

"அடுத்த வருஷம் வரைக்கும். அந்த விழுந்த இடத்துல நான் நடறேன். ரமணி அக்காவோட பாத்திக்கு நேரா, என் கையால. அதுக்கப்புறமும் தாங்கலன்னா போவோம். யாரு முகத்தையும் யாரும் பார்க்காம இல்ல, ஒழுங்கா, டாட்டா சொல்லிட்டுப் போவோம்."

"தாங்குச்சுன்னா?"

"அதை அப்ப பேசுவோம். இப்பவே வாக்குக் கொடுக்க எனக்குத் தெம்பில்ல."

உர்சுலாவுக்கு அவளே போன் போட்டாள். "உங்க ரெண்டு பேருக்கும் பைத்தியமா? நான் கோழிக் குழம்பு வெச்சிட்டேன்லா!" என்று அந்தப் பக்கம் கத்தியது பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிடுகிறோம் என்று சமாதானம் சொல்லி வைத்தாள்.

திமோத்தி பெட்டிகளை இறக்கினார். வாசுவின் மேட்டு நிலத்தில் வெள்ளம் ஏறாத மூலையில் நல்ல புல் இருந்தது. அதைத் துண்டு துண்டாக மண்ணோடு பெயர்த்து, காலியான பிக்கப்பில் அடுக்கிக்கொண்டு வந்தார்கள். சரிந்த இடத்தில் புதுமண் கொட்டி மிதித்து முடிப்பதற்குள் வெயில் தணிந்துவிட்டது. வலேரி பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு சரிவில் மண்டியிட்டு, முதல் துண்டை வைத்து அழுத்தினாள்.

"அப்படி இல்ல," என்றார் திமோத்தி மேலிருந்து.

"பின்ன எப்படி?"

"ஒண்ணுக்கு நேரா கீழ ஒண்ணு வைக்காதே. நடுவுல கோடு விழும், தண்ணி அந்தக் கோட்டுல இறங்கிரும். செங்கல் அடுக்கற மாதிரி மாத்தி மாத்தி வை."

"இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ இப்பதானே கேட்டே."

அவள் துண்டை எடுத்து அரையடி தள்ளி வைத்தாள். அவர் சரிவில் மெதுவாக இறங்கி வந்து, முழங்கால் வலிக்க வலிக்க உட்கார்ந்து, குச்சியை நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அவள் சுத்தியலால் அடித்தாள். அடுத்த துண்டுக்குக் கை நீட்டியபடியே, இந்தப் புல்லை மாசத்துக்கு எத்தனை தடவை வெட்ட வேண்டும், எவ்வளவு உயரம் விட வேண்டும் என்று கேட்டாள். அவர் சொல்ல ஆரம்பித்தார்.